புளித்தமாவும் சோர்ந்த உள்ளமும்



2020ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உலகமெங்கும் கதவுகள் அடைபட்ட அந்த நாட்களில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைகளிலிருந்து விரைவாக மறைந்துபோன பொருட்களுள் கோதுமை மாவும் ஈஸ்ட்டும் இருந்தன. அதற்குமுன் ஒருநாளும் ரொட்டி சுட்டறியாத மக்கள் கண்ணாடிக் குடுவைகளில் மாவையும் நீரையும் கலந்து வைத்துவிட்டு, அது எப்போது நுரைக்கும் என்று காத்திருந்தார்கள். சவர்டோ என்று ஆங்கிலேயர் அழைக்கும் புளித்தமா ரொட்டி, பல தலைமுறைகளுக்குப் பிறகு சாதாரண வீடுகளின் சமையலறைக்குத் திரும்பியது.

ஈஸ்ட் கிடைக்காமற்போனது அதற்கு ஒரு காரணம். ஆயினும் அது மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. அச்சமும் தனிமையும் சூழ்ந்திருந்த வேளையில், மாவைப் பிசைந்த கைகளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் கிடைத்தது என்று பலரும் எழுதினார்கள். இந்த ஆறுதல் மெய்யானதா, அல்லது வேலையின்றி இருந்தவர்களின் பொழுதுபோக்கா? மனச்சோர்வில் வாடும் ஒருவரைத் தம் வீட்டிலோ சபையிலோ கொண்டிருக்கும் நமக்கு இது வெறும் சமையல் கேள்வியன்று. ஆகையால் இவ்வாரம் இரண்டு வரலாறுகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். முதலாவது, அப்பத்தின் வரலாறு. இரண்டாவது, கலங்கிய மனத்தை மனிதர் எவ்வாறு தேற்றினார்கள் என்னும் வரலாறு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மீத்து வைக்கப்பட்ட ஒரு பிடி

புளித்தமா எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கோதுமை மாவையும் நீரையும் கலந்து மூடி வைத்தால் சில நாட்களில் அதில் குமிழிகள் தோன்றும். நாள்தோறும் அதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, புதிய மாவும் நீரும் சேர்த்துவரவேண்டும். ஓரிரு வாரங்களில் அது ஒழுங்காகப் பொங்கி எழும் வலிமையைப் பெறும். அதன்பின் அதில் சிறிதளவை எடுத்து, மிகுதியான மாவோடும் உப்போடும் சேர்த்துப் பிசைந்து, பல மணி நேரம், சில வேளைகளில் ஓர் இரவு முழுவதும், எழும்ப விட்டுச் சுடுகிறார்கள். இட்லி மாவு தானே புளித்துப் பொங்குவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆனால் சவர்டோவில் ஒரு பழக்கம் தவறாமல் காக்கப்படுகிறது: சுடும் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மாவு மறுநாளைக்கென்று மீத்து வைக்கப்படும். அந்த ஒரு பிடியே நேற்றைய அப்பத்தை நாளைய அப்பத்தோடு இணைக்கிறது.

அப்பத்தின் தோற்றம் மிகத் தொன்மையானது. யோர்தான் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஷுபைகா என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட கருகிய அப்பத் துணுக்குகள் ஏறக்குறைய 14,400 ஆண்டுகள் பழமையானவை என்று 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். மனிதர் பயிரிடத் தொடங்குவதற்கும் முற்பட்ட காலம் அது. அவை புளிப்பில்லாத தட்டை அப்பங்கள். பின்னர் எகிப்தியர் புளிக்கவைத்து எழும்பிய அப்பத்தைப் பெருமளவில் சுட்டார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த ரோம எழுத்தாளர் பிளினி, தம்முடைய இயற்கை வரலாற்று நூலில் அக்காலத்து வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். முந்தின நாளின் மாவில் சிறிது எடுத்து வைத்து அதைக்கொண்டே மறுநாள் மாவைப் புளிக்கச் செய்தார்கள் என்பது அவர் தரும் செய்தி.

நம் ஆண்டவர் வாழ்ந்த காலமும் அதுவே. ஆகையால் ஒரு பெண் மாவுக்குள் புளித்தமாவை அடக்கிவைத்த உவமையை நாம் வாசிக்கும்போது, கடையில் வாங்கிய ஈஸ்ட் பொட்டலத்தை நினைக்கலாகாது. நமது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் “புளித்தமா” என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது மிகப் பொருத்தமானது. அவள் கையில் இருந்தது முந்தின நாளின் மாவு. அவள் எடுத்த மாவின் அளவையும் கவனியுங்கள். “மூன்று படி” என்று தமிழில் வாசிக்கும்போது நம் வீட்டுப் படி நினைவுக்கு வரலாம். ஆனால் மூலமொழி கூறும் அளவை ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவு உடையது. நூறு பேருக்கு மேல் உண்ணத்தக்க அப்பம் அது. மம்ரேயில் வந்த விருந்தினருக்காகச் சாராள் பிசைந்ததும் அதே அளவுதான். சிறிய ஒரு பிடி, பெரிய ஒரு விருந்து, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்திருப்பு. உவமையின் அமைப்பே அதுதான்.

திருமறையில் புளிப்புக்கு வேறொரு பக்கமும் உண்டு. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர், மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றி, பிசைந்த மாவைத் துணியில் சுற்றித் தோள்மேல் சுமந்துகொண்டு நடந்தார்கள். புளிப்பில்லாத அப்பம் துன்பத்தின் அப்பமாகவும் அவசரத்தின் அப்பமாகவும் நினைவுகூரப்பட்டது. ஆனால் அவர்கள் தேசத்தில் குடியேறி அறுவடை கண்டபின், வாரங்களின் பண்டிகையில் புளிப்போடு சுட்ட இரண்டு அப்பங்களைக் கொண்டுவரும்படி லேவியராகமம் கட்டளையிடுகிறது. ஓடுகிறவனுக்குப் புளித்தமா இல்லை; தங்கியிருக்கிறவனுக்கே அது உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பை இழந்த நூற்றாண்டு

மாவைப் பொங்கச் செய்வது எது என்று பல்லாயிரம் ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1857ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் பால் புளிப்பதைக் குறித்து வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து அவர் செய்த ஆய்வுகளும், புளித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை நிறுவின. அதன்பின் மாற்றங்கள் விரைந்தன. 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் சார்லஸ் ஃபிளெய்ஷ்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அழுத்திக் கட்டியாக்கிய ஈஸ்ட்டைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அதைக்கொண்டு சுட்ட ரொட்டியைப் பொதுமக்கள் சுவைத்துப் பார்த்தார்கள். பழைய மாவைப் பேணவேண்டிய தேவை வீடுகளில் குறையத் தொடங்கியது.

1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்னும் ஊரிலிருந்த ரொட்டித் தொழில் ஆய்வுக்கூடம் வேறொரு படி முன்னேறியது. அதிவேக இயந்திரங்கள் மாவைச் சில நிமிடங்களில் வலுவாகப் பிசைந்ததனால், நீண்ட நேரம் புளிக்கவிடும் கட்டமே ஏறக்குறைய நீங்கிப்போயிற்று. மாவிலிருந்து துண்டு போட்டு உறையிட்ட ரொட்டி வரைக்கும் மூன்றரை மணி நேரம் போதுமானதாயிற்று. இன்று பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இம்முறையில் உருவானதே. மலிவான ரொட்டி ஏழைகளின் மேசைக்கு வந்தது என்பதை நாம் மறுக்கலாகாது. ஆனால் அப்பத்திலிருந்து காத்திருப்பு நீக்கப்பட்டது என்பதும் உண்மையே.

இந்த நூற்றாண்டிலும் பழைய மாவை விடாமல் காத்தவர்கள் சிலர் உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் க்ளோண்டைக் ஆற்றுப் பகுதியில் பொன் கண்டுபிடிக்கப்பட்டபோது பல்லாயிரம் பேர் அந்தப் பனிநாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். அங்கே கடும் குளிரில் புளித்தமா உறைந்து மடிந்துவிடாதபடி அதைப் பையிலிட்டு உடலோடு ஒட்டி வைத்துக் காத்த பழங்குடியேறிகள் இருந்தார்கள். அங்கே ஒரு குளிர்காலத்தை முழுமையாகக் கடந்து பிழைத்தவனுக்குச் சவர்டோ என்பதே பட்டப்பெயராயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் 1849இல் தொடங்கப்பட்ட பூடான் ரொட்டிக்கூடத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லப்பட்டு வருகிறது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நிலநடுக்கமும் தீயும் அந்நகரை அழித்தபோது, லூயிஸ் பூடான் என்னும் அம்மையார் தாய்மாவை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு தப்பினாராம்.

அந்நகரத்துப் புளித்தமாவை ஆராய்ந்த அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்தினர் 1971இல் வெளியிட்ட செய்தி அருமையானது. அதில் ஒருவகை ஈஸ்ட்டும் ஒருவகை பாக்டீரியாவும் ஒன்றாக வாழ்கின்றன. மாவிலுள்ள மால்டோஸ் என்னும் சர்க்கரை பாக்டீரியாவுக்குத் தேவை; அந்த ஈஸ்ட் அதைத் தொடுவதில்லை. பாக்டீரியா உண்டாக்கும் புளிப்பு மற்ற நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. இந்த ஈஸ்ட் அந்தப் புளிப்பைத் தாங்குகிறது. ஒன்றன் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், 14 நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டி சுடுவோர் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய கைகளில் வாழும் நுண்ணுயிர்கள் மற்றவர்களின் கைகளிலிருந்து வேறுபட்டு, அவர்கள் பேணும் புளித்தமாவை ஒத்திருந்தன. நாம் பேணுவது நம்மையும் மாற்றுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று அரிது.

சூரைச்செடியின் கீழிருந்து யார்க் நகரம் வரை

இனி இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம். கர்மேல் மலையின் வெற்றிக்குப் பின் எலியா வனாந்தரத்துக்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தாம் சாகவேண்டும் என்று வேண்டினார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி ஏன் இப்படிப் பேசுகிறார் என்று தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அவர் உறங்கினார், தூதன் தட்டியெழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. அவர் உண்டு மறுபடியும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னான். அதன்பின்தான் பயணம், பயணத்தின் முடிவில்தான் உரையாடல். இந்த வரிசையை மாற்றிவிடாதபடி நாம் கவனமாயிருக்கவேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் வாழ்ந்த துறவியர் மனச்சோர்வை நுட்பமாக ஆராய்ந்தார்கள். பொந்து நாட்டு எவாக்ரியஸ் அதை நண்பகலின் பேய் என்றார். வெயில் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். அறையில் இருக்க மனம் கொள்ளாது. செய்யும் எதிலும் பொருள் தெரியாது. அவருக்குப் பின்வந்த யோவான் காசியன் இச்சோர்வைக் குறித்து எழுதும்போது அப்பா பவுல் என்னும் துறவியின் செய்தியைக் கூறுகிறார். அவர் ஊர்களிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில் வாழ்ந்தார். கைவேலையை அங்கிருந்து சந்தைக்குக் கொண்டுபோனால் போக்குவரத்துச் செலவே அதன் விலையை மிஞ்சிவிடும். ஆயினும் அவர் பிழைப்புக்காகச் செய்வதுபோலவே நாள்தோறும் பனையோலைகளைச் சேகரித்துத் தமக்குரிய அளவு வேலையைச் செய்தார். குகை நிறைந்தபோது, ஆண்டுதோறும் அவ்வளவையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடியும் தொடங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது ஓலையின் விலையன்று, வேலையின் ஒழுங்கு.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவு ஒழுங்குமுறையும் ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் கைவேலைக்கும் நேரங்களைப் பகுத்து வைத்தது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் அப்பத்தையும் நிர்ணயித்தது.

பல நூற்றாண்டுகளைக் கடந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வாருங்கள். 1790ஆம் ஆண்டில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை, மனத்துயரத்தின் காரணமாக அந்நகரின் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவரைப் பார்க்க வந்த சபையாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் அங்கேயே இறந்தார். உள்ளே என்ன நடந்தது என்பது வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சபையைச் சேர்ந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக் இதனால் மனம் வருந்தி, 1796இல் ரிட்ரீட் என்னும் இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலிகள் இல்லை. தோட்டமும், பேணி வளர்க்க முயல்களும் கோழிகளும், ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தும் வழக்கமும், அவரவர் வலிமைக்கேற்ற வேலையும் இருந்தன. அவருடைய பேரர் சாமுவேல் டியூக் 1813இல் எழுதிய நூலில், நோயாளர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் வழிகளுள் ஒழுங்கான வேலை மிகுந்த பயன் தருவது என்ற கருத்தை வலியுறுத்தினார்.

ஓர் எச்சரிக்கை

இவ்வரலாற்றின் இருண்ட பகுதியையும் நான் மறைக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய மனநோய் விடுதிகள் பல எழுந்தன. அவற்றுக்குச் சொந்தமாகப் பண்ணைகளும், சலவைக்கூடங்களும், ரொட்டிக்கூடங்களும் இருந்தன. தொடக்கத்தில் நோயாளரின் நலனுக்கென்று கொடுக்கப்பட்ட வேலை, நாளடைவில் விடுதியின் செலவைக் குறைக்கும் கூலியில்லா உழைப்பாகப் பல இடங்களில் மாறியது. நூற்றுக்கணக்கானோருக்கு அப்பம் வேண்டும். அதற்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்குரிய மனிதன் குணமடைகிறானா என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. 1973இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, இத்தகைய நிலையங்களில் வேலை செய்யும் நோயாளருக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல நிலையங்கள் ஊதியம் கொடுக்க மனமின்றி வேலையையே நிறுத்திவிட்டன.

வேலை ஒன்றுதான், மாவும் ஒன்றுதான். ஆனால் மனிதனுக்காக அப்பம் சுடப்படும்போது அது மருந்தாகிறது. அப்பத்துக்காக மனிதன் பயன்படுத்தப்படும்போது அது நுகமாகிறது. சபைப் பணிகளில் ஆட்களை அமர்த்தும் நாமும் இதை நினைவில் கொள்ளவேண்டும். சோர்ந்திருக்கும் ஒருவரிடம் “ஊழியத்தில் ஈடுபடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லும்போது, நாம் தேடுவது அவருடைய நலனையா, நமக்கு வேண்டிய வேலையாளையா?

ஆறுதல் இல்லம்

டியூக்கின் நோக்கம் முற்றிலும் அழிந்துபோகவில்லை. 1906இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்மானுவேல் ஆலயத்தின் போதகர் எல்வுட் உஸ்டர், மருத்துவர்களோடு இணைந்து மனநலப் பணி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் ஆலோசனை பெற்றவர்களுள் ஜார்ஜ் பார்ட்டன் என்னும் கட்டடக்கலைஞரும் ஒருவர். காசநோயாலும், ஒரு பாதத்தை இழந்ததாலும், உடலின் ஒரு பக்கம் செயலிழந்ததாலும் நொறுங்கியிருந்த அவர், கைவேலையின் மூலமாகத் தம்மைத் தேற்றிக்கொண்டு, 1914இல் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஓர் இல்லத்தை நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயருக்கு ஆறுதல் இல்லம் என்று பொருள். 1917இல் அவ்வில்லத்தில் கூடிய சிலரே தொழில்வழிச் சிகிச்சை என்னும் துறைக்கான முதல் தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து அமெரிக்காவின் முன்னணி மனநல மருத்துவர்களுள் ஒருவரான அடால்ஃப் மேயர், அத்துறையின் அடிப்படையை விளக்கும் கட்டுரையை 1922இல் வெளியிட்டார். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் தாளம் குலையும்போது மனிதன் நோயுறுகிறான். அந்தத் தாளத்தைச் செய்துபழகியே மீட்கமுடியும் என்பது அவர் கருத்து. 1970களில் பீட்டர் லெவின்சோன் என்னும் உளவியலாளரும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார். சோர்வு மனிதனைச் செயல்களிலிருந்து விலக்குகிறது. விலகியதனால் மகிழ்ச்சி குறைகிறது. மகிழ்ச்சி குறைந்ததனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, மனம் தயாராகும்வரை காத்திராமல், சிறிய செயல் ஒன்றைத் தொடங்குவதே வழி. இன்று மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் முக்கியமான சிகிச்சைகளுள் ஒன்று இதன்மேல் கட்டப்பட்டது.

இரு வரலாறுகள் சந்திக்கும் இடம்

இப்போது அப்பத்துக்குத் திரும்புவோம். 2004ஆம் ஆண்டில் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. மனநலச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களிடம், மாவு பிசைந்து சுடும் வேலை அவர்களுக்கு என்ன தந்தது என்று கேட்டறிந்த ஆய்வு அது. கவனம் ஒருமுகப்பட்டது, தன்னம்பிக்கை பிறந்தது என்று அவர்கள் சொன்னார்கள். தாங்கள் செய்ததை உண்ணவும் பிறருக்குக் கொடுக்கவும் முடிந்ததை அவர்கள் பெரிதாக மதித்தார்கள்.

இங்கிலாந்தின் வாட்லிங்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கிட்டி டெய்ட், தம் தந்தையோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட நூலில் தம் வரலாற்றைத் தாமே எழுதியிருக்கிறார். பதினான்கு வயதில் கடுமையான மனச்சோர்வும் பதற்றமும் அவரைப் பள்ளிக்கும் போகவிடாமல் தடுத்தன. தந்தை பலவற்றை முயன்று பார்த்தார். ஒருநாள் தந்தை ரொட்டி சுடுவதைக் கண்ட மகளின் கவனம் அதன்மேல் சென்றது. வீட்டில் சுட்டதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தார்கள், பின்பு ஊராருக்கு, பின்பு ஒரு சிறிய ரொட்டிக்கூடமே பிறந்தது. தந்தை தம் வேலையை விட்டுவிட்டு மகளோடு நின்றார் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணைத் தாங்கியது மாவு மட்டுமன்று.

அப்படியானால் புளித்தமா சோர்ந்த உள்ளத்துக்குச் செய்வது என்ன? நான் மூன்றைக் காண்கிறேன்.

முதலாவது, அது நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது. காலையில் ஊட்டவேண்டும், மாலையில் பார்க்கவேண்டும், இரவில் மூடி வைக்கவேண்டும். படுக்கையைவிட்டு எழுந்திருக்க எந்தக் காரணமும் தெரியாத ஒருவருக்கு, ஊட்டப்படக் காத்திருக்கும் ஒரு சிறு குடுவை காரணமாகலாம். ஒரு நாள் தவறினாலும் பெரும்பாலும் அது மடிந்துவிடாது. மறுநாள் மாவும் நீரும் இட்டால் மீண்டும் எழும். தன்னைத் தானே ஓயாமல் குற்றப்படுத்தும் மனத்துக்கு இப்பொறுமை அருமருந்து.

இரண்டாவது, நம் விரைவுக்கு அது கட்டுப்படுவதில்லை. குளிர்காலத்தில் தாமதிக்கும், வெயிற்காலத்தில் முந்தும். பிசைகிறவர் தம் பங்கைச் செய்தபின் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். எல்லாம் தன் தோளில் என்று பதறும் மனிதன், தான் உறங்கும்போதும் ஒரு வேலை நடக்கிறது என்பதை இங்கே கண்ணாரக் காண்கிறான். விதைத்தவன் உறங்கி எழும்போது பயிர் தானே முளைத்து வளர்ந்ததைக் குறித்து நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவதே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. சுட்ட அப்பம் ஒருவருக்குரிய அளவைக் கடந்தது. அதைப் பகிரத்தான் வேண்டும். நோயுற்றவரை நாம் எப்போதும் பெற்றுக்கொள்கிறவராகவே நடத்துகிறோம்: ஜெபத்தைப் பெறுகிறவர், ஆலோசனையைப் பெறுகிறவர், இரக்கத்தைப் பெறுகிறவர். அவர் தம் கையால் செய்த ஒன்றை நாம் வாங்கி உண்ணும்போது, கொடுக்கிறவருடைய இடத்தை அவருக்குத் திரும்ப அளிக்கிறோம்.

அதேவேளையில் புளித்தமாவைக் குறித்து மிகையாகப் பேசுவோரிடமிருந்தும் விலகியிருங்கள். அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியா குடலுக்குள் சென்று மனநோயைத் தீர்க்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அடுப்பின் வெப்பத்திலேயே அவை மடிந்துவிடுகின்றன. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, பயிற்சி பெற்ற ஆலோசகர் உண்டு. வாழ விருப்பமில்லை என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால், அதை அற்பமாக எண்ணாமல், விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணாகிய 14416 இரவும் பகலும் இயங்குகிறது. சிகிச்சை பெறுகிறவருக்கு அருகிலிருந்து நாம் செய்யக்கூடியது வேறு: ஒரு ஒழுங்கு, ஒரு சிறு வேலை, ஒரு துணை. ரொட்டி சுடும் அடுப்பு நம் வீடுகள் பலவற்றில் இல்லை என்பதும் தடையன்று. பேணுவதற்கு ஒரு செடியும், சேர்ந்து அரைப்பதற்கு ஒரு படி மாவும் எவருக்கும் உண்டு.

எலியாவுக்குத் தூதன் ஒரு பிரசங்கத்தைக் கொண்டுவரவில்லை. ஹன்னா மில்ஸைக் காணச் சென்ற சபையாரிடமும் பிரசங்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவே வந்தார்கள், அதற்கும் கதவு திறக்கவில்லை. இன்று நம் சபையில் அத்தகையோருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதே நம்முன் உள்ள கேள்வி. சில வாரங்களாக ஆராதனைக்கு வராத ஒருவரை இந்த வாரம் நீங்கள் நினைவுகூருங்கள். காரணம் கேட்காமல், உணவோடு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர் உறங்கிக்கொண்டிருந்தால் எழும்பும்வரை காத்திருங்கள். அடுத்த முறை அவர் கொடுக்கும் எதையேனும் நீங்கள் வாங்கி உண்ணுங்கள்.

ஜெபம் செய்வோம். சோர்ந்துபோன உமது ஊழியக்காரனுக்கு அப்பமும் உறக்கமும் அருளிய ஆண்டவரே, எங்கள் நடுவில் எழும்ப முடியாமல் படுத்திருக்கிறவர்களை நினைத்தருளும். அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஞானத்தைத் தாரும். அவர்களோடு காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.